அந்த அரைமணி நேரம் என்னுடையது

வார நாட்களில் எங்களை வாயைத் திறக்கச் சொல்லியும், வார இறுதியில் வாயை மூடச் சொல்லியும் கட்டிக்காக்கும் சதுரங்கக் கழகத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! காலடி ஓசை எழாமல் அறுபது பலகைகளுக்கு நடுவே இரண்டு நாளும் நடந்து நடந்து, செருப்போடு சேர்ந்து தானும் தேய்ந்துபோன தலைமை நடுவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மாடிப்படியில் உட்கார்ந்தும், சுவரில் சாய்ந்தும், கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிவைத்தும் இந்தச் சனி ஞாயிறைக் கடத்திய தாய்மார்களே, தந்தையர்களே! வென்றதால் சிரித்துக்கொண்டும், தோற்றதை மறைக்கச் சிரித்துக்கொண்டும் அமர்ந்திருக்கும் செல்வங்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நன்றியுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். போன வாரம் தலைவர் ஐயா தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், பெற்றோர் சார்பா நீங்கதான் பேசணும். தியாகம், பொறுமை, அப்படி நாலு வார்த்தை எடுத்துவிடுங்க. நீங்க பாடப்புத்தக அச்சகத்துல பிழை திருத்துறவங்க, உங்க தமிழுக்குக் கேக்கவா வேணும்" என்றார். நானும் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். இதோ, கையில் இருக்கிறது. இதில் ஓர் ஒற்றுப்பிழை இல்லை. ஒரு காற்புள்ளி இடம் மாறவில்லை. ஆனால் இதை நான் படிக்கப்போவதில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? சற்று முன் தலைவர் ஐயா என்னை அறிமுகம் செய்தாரே, அதை நினைத்துப் பாருங்கள். "பெத்த பொண்ணு தப்புப் பண்ணினப்பவும் அவளைக் கைவிடாம, தலைகுனிவைத் தாங்கிக்கிட்டு, வாராவாரம் கூட்டிட்டு வந்த தாய்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். மூன்றாம் வரிசையில் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். அவளும் கைதட்டினாள்.

அந்தக் கைதட்டல்தான் என்னால் தாங்க முடியாதது. அதைத் திருப்பிக் கொடுக்கவே நிற்கிறேன்.

என் மகளை உங்களுக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் எல்லோரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவீர்கள். வயது பதினைந்து. ஒன்பது வயதில் சதுரங்கத்துக்குள் போனவள், இன்னும் வெளியே வரவில்லை. ஒரு மாணவிக்கு வார இறுதிப் போட்டி என்றால் என்னவென்று உள்ளே ஆடும் பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பை தயாராக வேண்டும். இரண்டு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில், கூடத்தின் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, எழுதாத வீட்டுப்பாடம். யார் யாருடன் ஆட வேண்டும் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டும் முன்பே நூறு தலைகள். "தள்ளுங்க சார், என் பையன் பேரைப் பாக்கணும்." "எல்லார் பையனும் இதுலதான் சார் இருக்கான்!" பிறகு மணி அடிக்கும், கதவைச் சாத்துவார்கள். நம் பிள்ளை உள்ளே, நாம் வெளியே. இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம். உள்ளே ஆட்டக் கடிகாரத்தைத் தட்டும் ஓசை மட்டும்தான். கேட்க ஆளில்லை, சொல்ல ஆளில்லை, சாய்ந்துகொள்ளத் தோள் இல்லை. பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், துணைக்கு யாருமில்லாமல், நம் தவறுகளை நாமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்?

கதவைத் திறந்து வரும் பிள்ளையின் முகத்தை நாங்கள் படிப்போம். அதில் எங்களுக்கெல்லாம் முனைவர் பட்டமே தரலாம். சிட்டு வென்றால், "பசிக்குதும்மா" என்பாள். தோற்றால், "பாத்ரூம் எங்கேம்மா?" என்பாள். ஆறு வருடமாக அதே கட்டடம்! பாத்ரூம் எங்கே என்று அவளுக்குத் தெரியாதா?

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா? நல்லது. சிரித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம்தான்.

ஒருமுறை அவள் என்னைக் கேட்டாள்: "ஏம்மா, வெளிய வந்ததும் 'என்னாச்சு'ன்னுதான் கேக்கணுமா? 'கை சில்லுன்னு இருக்கே'ன்னு ஒரு நாளாவது கேட்டா என்ன?" நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சரி சரி, என்னாச்சு சொல்லு" என்றேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போன வருடம், இதே கட்டடம். ஆறு சுற்று ஆட்டம். முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவர்கள் கழகத்தின் அணியாக அடுத்த கட்டப் போட்டிக்குப் போவார்கள். கடைசிச் சுற்றில் சிட்டுவுக்கு வெள்ளைக் காய்கள். எதிரே, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. சிட்டுவைவிட இரண்டு வயது சின்னவள். அவள் அப்பா தையல்காரர். கழுத்தில் அளவுநாடாவோடுதான் எப்போதும் வருவார். அன்றும் அப்படியே வந்திருந்தார். பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தாக வேண்டிய நாள் அது. "முடிஞ்சதும் கிளம்பிடணும் பாப்பா, கடையில ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்று மகளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

கதவு திறந்தது. சிட்டு வந்தாள். "பாத்ரூம் எங்கேம்மா?"

தோற்றுவிட்டாள். என் கணக்குப்படி ஒன்பதாம் இடம், பத்தாம் இடம். அணிக் கனவு முடிந்தது. பின்னாலேயே இரட்டைப் பின்னல் துள்ளிக்கொண்டு வந்தாள். தையல்காரர் அவளை அப்படியே தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

பத்து நிமிடத்தில் முடிவுப் பட்டியலை ஒட்டினார்கள். சிட்டு இன்னும் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் இடத்தில் தேடினேன், இல்லை. பத்தில் தேடினேன், இல்லை. நான்காம் இடத்தில் இருந்தது. கடைசிச் சுற்றுக் கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே ஒன்று. இரட்டைப் பின்னலுக்குப் பூஜ்யம். அந்தக் குழந்தை ஐந்தாம் இடத்தில் இருந்தாள்.

என்ன நடந்திருக்கும்? பிள்ளைகளுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஒரு சின்ன முடிவுச் சீட்டு எழுத வேண்டும். இடப்பக்கம் வெள்ளைக் காய்களில் ஆடியவர், வலப்பக்கம் கறுப்புக் காய்களில் ஆடியவர். வென்றவருக்கு ஒன்று, தோற்றவருக்குப் பூஜ்யம். வென்றவர்தான் எழுதுவார், இருவரும் கையெழுத்திடுவார்கள். இரட்டைப் பின்னல் முந்தைய சுற்றில் வெள்ளையில் ஆடி வென்றவள். அதே சந்தோஷம், அதே அவசரம், அதே கைப்பழக்கம். தன் ஒன்றைக் கொண்டுபோய் இடப்பக்கம் போட்டுவிட்டாள். சிட்டுவுக்குக் கண் நிறையத் தண்ணீர். எங்கே கையெழுத்து என்று பார்த்தாளே தவிர, எதற்குக் கையெழுத்து என்று பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதின் ஆனந்தமும் பதினான்கு வயதின் அழுகையும் சேர்ந்து செய்த பிழை. அதில் யார் மீது குற்றம்?

ஆனால் பிழை திருத்துவது என் பிழைப்பு. இருபது வருடமாக அடுத்தவர் அச்சில் தவறு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். அந்தத் தாளைப் பார்த்த அரை நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தாளின் ஓரத்தில் ஒட்டிய நேரம் எழுதியிருந்தது: மூன்று நாற்பது. கீழே வழக்கமான வரி: ஆட்சேபணை இருந்தால் அரைமணி நேரத்துக்குள் சொல்லவும், அதன்பின் மாற்றம் இல்லை. அதையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

சிட்டு ஈர முகத்தோடு வந்தாள். "லிஸ்ட் ஒட்டிட்டாங்களாம்மா? பாத்துட்டு வரேன்."

"அதுல என்ன புதுசா இருக்கப்போவுது? வா, எதிர்க்கடையில ஏதாவது குடிப்போம். முகமே வாடிப்போச்சு."

பார்த்தீர்களா? வாராவாரம் என்னாச்சு என்னாச்சு என்று குடைந்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் முகம் வாடியதைக் கவனித்தேன்!

சாலைக்கு எதிரே ஒரு பழச்சாற்றுக் கடை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம். சிட்டு கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் சாற்றைக் குடித்து முடித்ததும், "இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "என்னம்மா, தோத்ததுக்கு ட்ரீட்டா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நான்கு மணி ஆனது. நான்கு ஐந்து ஆனது. நான்கு பத்து ஆனது. அதற்கும் மேலே இரண்டு நிமிடம் இருந்துவிட்டுத்தான் எழுந்தேன். நல்ல வேலைக்காரி அல்லவா, எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் எழுவேன்!

வந்து அமர்ந்ததும் பரிசளிப்பு தொடங்கிவிட்டது. நான்காம் பரிசுக்குச் சிட்டுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள், "போடீ, கூப்பிடறாங்கல்ல" என்று தள்ளிவிட்டார்கள். போய்க் கோப்பையை வாங்கினாள். புகைப்படம் எடுத்தார்கள். இறங்கி நேரே சுவர்ப் பட்டியலுக்குப் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அம்மா, நான் தோத்தேன்ல?"

நான் கோப்பையை வாங்கிப் பையில் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. தப்பா எழுதிட்டாம்மா அவ. நான் போய் சார்கிட்ட சொல்றேன்."

"எழுதினது அவ. கையெழுத்துப் போட்டதும் அவ. நீ ஏதாவது பண்ணினியா? இனிமே சொல்லி என்ன, அரைமணி நேரம் தாண்டிப் போச்சு."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "அரைமணி தாண்டிருச்சுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? நீதான் லிஸ்ட்டே பாக்கலையே."

அவையோரே! ஆறு வருடத்தில் என் மகள் எத்தனையோ நல்ல நகர்வுகளை ஆடியிருக்கிறாள். எந்த நகர்வுக்கும் எதிராளி இப்படித் திணறியதில்லை. எனக்குப் போக்கிடம் இல்லை. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன். வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. ஒரு வாரம் அந்தக் கோப்பை பையைவிட்டு வெளியே வரவில்லை.

திங்கட்கிழமையே தையல்காரர் நடுவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாராம். நேரம் கடந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றதும், "சரிங்க சார்" என்று வைத்துவிட்டாராம். சத்தம் போடவில்லை, சண்டைக்கு வரவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, முதல் சுற்றுக்கு மணி அடிக்கும் முன், சிட்டு கோப்பையை எடுத்துக்கொண்டு நடுவர் மேசைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தடுக்க ஓடினேனா, துணைக்கு ஓடினேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தடுக்கத்தான் ஓடியிருப்பேன்.

நடுவர் ஐயா நிதானமாகக் கேட்டார். "பட்டியலை மாத்த விதி இடம் குடுக்காது. நீ விலகினா அஞ்சாவது ஆள் போகலாம்."

"விலகிக்கிறேன் சார்."

"சரி. இது தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

சிட்டு திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "லிஸ்ட் ஒட்டினதுமே பாத்துட்டேன் சார். அரைமணி நேரம் போகட்டும்னு வெளிய போயிட்டேன். நான் மட்டும்தான் சார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

நடுவர் பதிவேட்டைத் திறந்தார். அறிந்தே மறைத்தது, மூன்று மாதம் போட்டிகளில் ஆடத் தடை என்று எழுதினார். நான் எங்கே இருந்தேன்? இரண்டடி தள்ளி, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் இருந்ததா? இருந்தது. நா இருந்ததா? இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதாதா? போதும். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

தடை என்றதும் அப்போதே வீடு திரும்பினோம். வழியில் கேட்டேன்: "ஏண்டி அப்படிச் சொன்னே?"

"வேற என்னம்மா பண்றது? உண்மையைச் சொன்னா, இனிமே அந்த மாடிப்படியில உன்கூட யாரு உக்காருவாங்க? நாள் முழுக்க நீ தனியா இருக்கணும். எனக்காவது உள்ள போர்டு இருக்கு."

எனக்காவது உள்ளே பலகை இருக்கிறது என்றாள், அந்தப் பலகையையே மூன்று மாதம் இழந்துவிட்டு வந்த பிள்ளை.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒருத்தி, "போதும்மா, எறங்கு" என்று கையை ஆட்டுகிறாள். இல்லை கண்ணு. இன்றைக்கு நீ சொல்வதை நான் கேட்கப்போவதில்லை. தலைவர் ஐயா, நீங்களும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இன்னும் கொஞ்சம்தான்.

தடை முடிந்து அவள் திரும்பி வந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? உங்களுக்குத் தெரியும். செய்தவர்களே நீங்கள்தானே! அவளோடு ஆடி முடித்த ஒவ்வொரு பிள்ளையும் முடிவுச் சீட்டை உரக்கப் படித்துக் காட்டியது. "வெள்ளை ஒண்ணு, கறுப்பு பூஜ்யம். பாத்துக்கோ, அப்புறம் மாத்திச் சொல்லாதே." அவள் தலையாட்டுவாள். "அந்த அக்காவோட ஆடினா ஸ்லிப்பை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாரு" என்று ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொன்னதை, பக்கத்துப் படியில் உட்கார்ந்து நானே கேட்டேன். அந்தத் தாய் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் பிறகு என் பக்கம் திரும்பி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். "மனசை விடாதீங்க. அவ வயசு அப்படி. திருந்திடுவா" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ரொட்டியை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு வருடம் சாப்பிட்டேன், அவையோரே! உங்கள் இரக்கத்தை உண்டேன், உங்கள் ஆறுதலை உடுத்தினேன், உங்கள் நடுவே உத்தமியாக உலவினேன். இதற்குப் பெயர்தான் தியாகமா? இதைத்தான் நான்கு பக்கத்துக்கு எழுதிவந்தேனா?

இன்று சிட்டு மூன்றாம் இடம் பிடித்திருக்கிறாள். நாளை மறுநாள் அணியின் பெயர்கள் மேலிடத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு பெயரோடும் நடத்தைக் குறிப்பும் போகும். அவள் பெயரோடு, அறிந்தே மறைத்தவள் என்ற வரியும் போகும். போகும் இடமெல்லாம் அந்த வரி அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அறிந்தது யார்? நான். மறைத்தது யார்? நான். சாலைக்கு எதிரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? நான், நான், நான்!

ஆகவே நடுவர் ஐயா, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். அந்தப் பதிவேட்டில் என் மகளின் பெயரை அடித்துவிடுங்கள். அதே வரியில் என் பெயரை எழுதுங்கள். பெற்றோருக்குத் தடை விதிக்க விதியில் இடம் இல்லை என்றால், இன்றே ஒரு விதி செய்யுங்கள். மூன்று மாதமோ முப்பது மாதமோ, நான் இந்த வாசலுக்கு வரமாட்டேன். அவள் தனியாக வரட்டும். தலை நிமிர்ந்து வரட்டும்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து யாரும் தட்டாதீர்கள். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததை ஒரு வருடம் கழித்துச் சொல்வதற்குப் பெயர் வீரம் இல்லை.

பெற்றோர்களே! ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே, தோற்கிற பிள்ளைதான் முதலில் கையை நீட்டும். ஏழு வயதுக் குழந்தைகூட, உதடு துடிக்க, கண் கலங்க, தன்னை வீழ்த்தியவருக்குத் தானே கை கொடுத்துவிட்டுத்தான் எழுந்துவரும். யாருக்கும் தெரியாமல் நழுவிவிட முடியாது. அந்த ஒரு நொடியின் நாணயத்தை நம் பிள்ளைகள் வாரத்துக்கு ஆறு முறை பழகுகிறார்கள். கதவுக்கு வெளியே இருக்கும் நாம் எப்போது பழகினோம்? பிள்ளைக்கு ஆட்டம் கற்றுத்தர ஆளைத் தேடி அலைகிறோம். நமக்குத் தோற்கக் கற்றுத்தருகிறவர்கள் நம் வீட்டிலேயே, நாம் கட்டிக்கொடுத்த பையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள் என்பதை எப்போது பார்க்கப் போகிறோம்?

நன்றி சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? சொல்கிறேன். கூடத்தைத் திறந்துவிட்ட காவலாளிக்கும், நாற்காலி போட்டவர்களுக்கும் நன்றி. எழுதிய வரியை அடிக்கப் பேனாவை எடுத்துக்கொண்டிருக்கும் நடுவர் ஐயாவுக்கு நன்றி. கடைசி வரிசையில், கழுத்தில் அளவுநாடாவோடு நிற்கும் தையல்காரர் அண்ணனுக்கும், அவர் பக்கத்தில் நிற்கும் இரட்டைப் பின்னல் பாப்பாவுக்கும் நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. உங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் "சரிங்க சார்" இந்த ஒரு வருடமும் என் காதைவிட்டுப் போகவில்லை, அண்ணா.

சிட்டு, எழுந்துவிட்டாயா? எங்கே போகிறாய்? கதவுப் பக்கமா? போ. கோபமாக இருந்தால் போய்க் கொஞ்ச நேரம் வெளியே நில். நான் பின்னால் வரமாட்டேன். எதையும் கேட்கவும் மாட்டேன். நீ என்னோடு பேசும்வரை படியில் உட்கார்ந்திருப்பேன். என் பக்கத்தில் வேறு யாரும் உட்காராவிட்டாலும் பரவாயில்லை.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும், குனிந்த தலையோடு என் நன்றி, என் வணக்கம்.